சேலம் எங்கே இருக்கிறது?

புலாவ் செபாங்,
2 ஜூன் 2025

தங்கை இந்திராவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி. விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க நான் தயங்குவதுதான்.

உடம்பு எப்படி இருக்கிறது? கோலாலம்பூரில் மழையா? சரி, தயங்கியாயிற்று.

முனியாயியை உனக்கு நினைவிருக்கும். கடந்த பொதுத் தேர்தல் நாளில் நீ உன் கட்சிக் கூடாரத்திலிருந்தும் நான் என் கட்சிக் கூடாரத்திலிருந்தும் இறங்கி வந்து நடுரோட்டில் கத்திக்கொண்டோமே, அப்போது நம் இருவருக்கும் நடுவே ஒரு குடையை விரித்து நீட்டியவர். “அண்ணன் தங்கச்சி அடிச்சிக்கிறத ஊரு பாக்க வேணாம்லா, இந்தாங்க, மறைச்சிக்குங்க” என்றாரே, அவர்தான். என் பள்ளிக்கூடக் கேண்டீனில் நெடுங்காலம் சமைத்தவர். இப்போது என் வீட்டுக்குப் பின்வரிசையில் குடியிருக்கிறார்.

அந்தக் குடை அவருடையது அல்ல. தேர்தல் தவறாமல் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் ஓட்டுப் போடக் கிளம்பும்போது அவரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு கூடவே நடந்து வருவார். பள்ளிக்கூடக் கேட்டோடு நின்றுவிடுவார். உள்ளே போகிறவர்களின் குடை, கைக்குழந்தை, பாதி குடித்த தே ஓ தேநீர்ப் பொட்டலம் எல்லாம் அவர் கைக்கு வரும். வெளியே வருகிறவர்கள் மை வைத்த விரலை ஆட்டிக்காட்டிக் குடையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவர் ஓட்டுப் போட முடியாது. அவருடைய அடையாள அட்டை சிவப்பு ஐசி. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் ரப்பர்ப் பால் வெட்டி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டும், நிரந்தரவாசிதான், குடிமகள் இல்லை.

குடிமக்களுக்கான நீலக் கார்டு கேட்டு அவர் எழுதாத வருஷம் இல்லை. எழுதிக் கொடுப்பவன் நான். வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: பரிசீலனையில் இருக்கிறது. எங்கள் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் வைபியிடமும் கொண்டுபோனேன். “பாக்கலாம் சார்” என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். (இதைப் படித்து நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.)

இனி ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு மாணவன் ஆசிரியர் அறைக்கு வந்து மெதுவாகக் கேட்டால் “அப்புறம் வாப்பா” என்று அனுப்பிவிடலாம். நானே அனுப்பியிருக்கிறேன். அதையே வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். மக்களவையில் கேள்வி கேட்பதும் அப்படித்தானே? நீ ஒரு வைபிக்குச் சிறப்பு அதிகாரி. உள்துறை அமைச்சிடம் அவர் இதைக் கேட்பாரா?

அண்ணன்,
சிவசாமி

◆

கோலாலம்பூர்,
11 ஜூன் 2025

அண்ணனுக்கு,

இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன். பிறகு முதல் பக்கத்தையும் படித்தேன். தயக்கம் நன்றாக இருந்தது.

ஆக, என் கட்சி இந்த நாட்டைக் கெடுத்துவிடும் என்று மைக் பிடித்துப் பேசியவருக்கு இப்போது என் கட்சி வைபி வேண்டியிருக்கிறது! உங்கள் கடிதத்தை ஃபிரேம் போட்டு அலுவலகத்தில் மாட்டலாமா என்று யோசித்தேன். முனியாயி அக்கா பெயர் இருப்பதால் விட்டேன்.

பிளாக்கை எடுக்க மாட்டேன். கடிதம் எழுதுங்கள். போனில் நீங்கள் கத்துவீர்கள். கடிதத்தில் உங்களுக்குக் கத்த வராது.

வைபியிடம் பேசிவிட்டேன். அவருக்கும் அந்தக் குடைக் கதை பிடித்திருந்தது. மக்களவையில் இரண்டு வகைக் கேள்விகள் உண்டு. வாய்மொழிக் கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் பதில் சொல்வார். ஆனால் நேரம் முடிவதற்குள் நம் முறை வரவேண்டும். எழுத்துக் கேள்வி என்றால் பதில் தாளில் வரும். முதலில் எழுத்தில் கேட்போம். தாளில் வருகிற பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தொடரில் வாயால் கேட்கலாம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அக்கா எங்கே பிறந்தார், எப்போது பிறந்தார்? இதில் தவறு இருந்தால் எல்லாமே கவிழ்ந்துவிடும். வைபி புதியவர். சபையில் பதிவாகிற வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியாது.

இந்திரா

◆

புலாவ் செபாங்,
17 ஜூன் 2025

இந்திராவுக்கு,

உன் கடிதத்தை முனியாயிக்குப் படித்துக் காட்டினேன், ஃபிரேம் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. “நாடாளுமன்றத்துல என் பேரா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கோபமோ என்று பார்த்தால், சிறிது நேரத்தில் ஒரு தட்டு பணியாரத்தோடு வந்து நின்றார்.

பிறந்தது மெர்டேக்கா கிடைத்து, நாடு சுதந்திரமாகி மூன்றாம் வருஷம். மருத்துவச்சி பார்த்த பிரசவம், தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில். பிறப்புப் பத்திரம் கிடையாது. அந்தக் காலத்தில் யார் போய் எடுத்தார்கள்? ஐசி எடுக்கும் வயது வந்தபோது அவருடைய அப்பா டவுனுக்குக் கூட்டிப்போனார். கையில் கிடைத்தது சிவப்பு. பெரியவர்கள் இறந்துவிட்டார்கள்.

ஆனால் பிறந்தது இங்கேதான். புலாவ் செபாங்கில். நான் கையெழுத்துப் போட்டுச் சொல்வேன்.

சிவசாமி

◆

கோலாலம்பூர்,
22 ஆகஸ்டு 2025

அண்ணே,

பதில் வந்துவிட்டது. உட்கார்ந்து படியுங்கள்.

மொழிபெயர்த்து எழுதுகிறேன்: “சம்பந்தப்பட்ட விண்ணப்பதாரர் இந்தியாவில் உள்ள சேலத்தில் பிறந்ததாகப் பதிவு காட்டுகிறது. இதற்கு மாறாக அவர் எந்த ஆதாரத்தையும் இதுவரை காட்டவில்லை.”

இந்தியாவில்! சேலத்தில்!

“கையெழுத்துப் போட்டுச் சொல்வேன்” என்றீர்களே அண்ணே. அவருடைய ஐசி எண்ணின் நடுவில் இருக்கிற இரண்டு இலக்கங்களை என்றைக்காவது பார்த்தீர்களா? அது பிறந்த இடத்தின் குறி. மலாக்காவில் பிறந்திருந்தால் பூஜ்யம் நான்கு. அக்காவுடையதில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இத்தனை வருஷமாக அவருக்கு விண்ணப்பம் எழுதியவர் நீங்கள்!

வைபி என்னைக் கூப்பிட்டுத் தாளை மேசையில் வைத்தார். திட்டவில்லை. “உங்க அண்ணன் எதிர்க்கட்சியா?” என்று மட்டும் கேட்டார். நீங்கள் வேண்டுமென்றே எங்களைப் பள்ளத்தில் இறக்கிவிட்டதாக அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அக்கா உங்களிடம் பொய் சொல்லியிருந்தால், தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள்.

இந்திரா

◆

புலாவ் செபாங்,
31 ஆகஸ்டு 2025

இந்திரா! இந்திரா!

இன்று மெர்டேக்கா தினம். வீதியெல்லாம் கொடி. என் கை முழுக்க முள் கீறல். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கிடாதே.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு முனியாயி வீட்டுக்குப் போனேன். ஐசியை வாங்கி நடு இலக்கத்தைப் பார்த்தேன். பூஜ்யம் நான்கு இல்லை. “உண்மையைச் சொல்லுங்க முனியாயி. நீங்க சேலத்திலயா பொறந்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் மீன் அரிந்துகொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ஆமா வாத்தியாரே. சேலத்துலதான்.”

“ஏன் என்கிட்ட இத்தனை நாள் சொல்லல?”

“நீங்க கேக்கலயே.”

“இந்தியாவிலிருந்து எப்ப வந்தீங்க?”

அப்போதுதான் நிமிர்ந்தார். கத்தியைக் கீழே வைத்தார். “இந்தியாவா? நான் தாம்பின் டவுனத் தாண்டிப் போனதே நாலு தடவதான். சேலம் அங்கல்ல இருக்கு!” என்று மீன் செதில் ஒட்டிய கையை ஜன்னல் பக்கம் நீட்டினார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். செம்பனைக் காட்டுப் பக்கம்!

நாமெல்லாம் தோட்டம் தெரியாத, பத்து பெரண்டாம் என்ற ஊரின் டவுன்காரர்கள். நான் இங்கே மாற்றலாகி வந்தபோது அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டிருந்தார்கள், லயங்களும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? பழைய பால்வெட்டுக்காரர் இருளாண்டி அண்ணனிடம் ஓடினேன். அவர் பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். “சேலத்து ஆளுங்க இருந்தது சேலம் லயம். திருச்சிக்காரனுங்க இருந்தது திருச்சி லயம். ரெண்டுக்கும் நடுவுல தண்ணித் தொட்டி. அந்தத் தொட்டிக்காக அடிச்சிக்காத நாளே இல்ல. நான் திருச்சியில பொறந்தவன் வாத்தியாரே! என்னையும் கப்பல்ல ஏத்திருவானுங்களா?”

அவருக்கு நீல ஐசி. “எங்கள தோட்டத்துக் கணக்குக் கிராணி கூட்டிட்டுப் போனாரு. அவரே தோட்டத்துப் பேரச் சொல்லி எழுதிட்டாரு. முனியாயி அப்பன் கிராணியோட சண்ட. தனியா போனான்.”

தனியாகப் போன இடத்தில் என்ன நடந்தது என்று முனியாயி சொன்னார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அவர் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். அதிகாரி கேட்டாராம்: “லாஹிர் டி மானா?” எங்கே பிறந்தது? அப்பா சொன்னார்: “சேலம்.” அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “இந்தியா?” என்றார். அப்பா தலையை ஆட்டி, “யா துவான், இந்தியா” என்றார், ஆமாம் ஐயா என்று.

இந்த இடத்தில் ஓர் உதாரணம் தேவையே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். மலாய்க்காரர்கள் நம்மை என்னவென்று சொல்வார்கள்? ஓராங் இந்தியா, இந்திய ஆள். பாரத்தில் இனம் என்ற இடத்தில் இன்றைக்கும் நீயும் நானும் என்ன எழுதுகிறோம்? இந்தியா! என் வகுப்பில் ஒரு பையனைப் பார்த்து மலாய் ஆசிரியர் “காமு இந்தியா?”, நீ இந்தியாவா, என்று கேட்டால் அவன் ஆமாம் என்றுதான் சொல்வான். அதிகாரி கேட்டது நாட்டை. முனியாயியின் அப்பா சொன்னது இனத்தை. ஒரே ஒரு வார்த்தை, இந்திரா. அதில்தான் ஓர் ஆயுசு சிக்கிக்கொண்டது.

ஆதாரம் கேட்டார்களே, அதற்கு வருகிறேன். தண்ணித் தொட்டியை உடைக்கவில்லை என்று இருளாண்டி அண்ணன் சொன்னார். இன்று காலை மூவரும் செம்பனைக்குள் போனோம். அண்ணன் கைத்தடியால் வழி காட்டினார். இரண்டு முறை தப்பு வழி. “இங்கதான் கள்ளுக்கட, அது மட்டும் மறக்காது” என்று ஒரு மேட்டில் நின்று கும்பிட்டார். முனியாயி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டார். பிறகு ஒரு கத்தல்.

காட்டுக்கொடி மூடிய சிமெண்டுத் தொட்டி. முனியாயி வெறுங்கையால் கொடியைப் பிய்த்தார், நானும் பிய்த்தேன். பாசிக்கு அடியில் சிமெண்டிலேயே வார்த்த ஆங்கில எழுத்துகள், உள்ளங்கை அகலத்துக்கு: சேலம் லைன்ஸ். கீழே 1951.

முனியாயிக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத் தடவினார். “இதுதானா சேலம்?” என்றார். “இதான் சேலம்” என்றேன்.

படங்கள் உள்ளே வைத்திருக்கிறேன். உன் வைபியிடம் சொல்: எதிர்க்கட்சி அண்ணன் பள்ளத்தில் இறக்கவில்லை, தொட்டியில் ஏற்றியிருக்கிறான்.

சிவசாமி

◆

கோலாலம்பூர்,
8 செப்டம்பர் 2025

அண்ணே,

படத்தைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வைபி படத்தை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, “இத நான் எழுந்து நின்னு கேக்கணும்” என்றார். என்னிடம் ஸாரியும் சொன்னார்! உங்களுக்கு வந்துசேர வேண்டிய ஸாரி அது. பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மெர்டேக்காவுக்கு மூன்று வருஷம் கழித்து இந்த மண்ணில் பிறந்தவர் என்றால் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே வேண்டியதில்லை, அண்ணே. சட்டப்படி பிறந்தபோதே குடிமகள். இத்தனை காலம் தன்னிடம் இருப்பதையே வெளியில் கேட்டு நின்றிருக்கிறார்.

இருளாண்டி அண்ணனிடம் சத்தியப் பிரமாணம் வாங்குங்கள். அலோர் காஜாவில் ஆணையர் முன்னால் கையெழுத்து. கள்ளுக்கடையை அதில் சேர்க்க வேண்டாம்.

அக்டோபர் தொடரில் வாய்மொழிக் கேள்வி போடுகிறோம். வாய்மொழியில் தனி ஆளைப் பற்றிக் கேட்டால் தள்ளிவிடக்கூடும். அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: தோட்டத்து லயங்களின் பெயரை வெளிநாட்டு ஊர் என்று பதிவு செய்த தவறுகளைத் திருத்த அமைச்சு என்ன செய்யப் போகிறது? துணையமைச்சர் பதில் சொன்னதும் வைபி துணைக் கேள்வி கேட்க எழுவார். தொட்டி அப்போதுதான் வெளியே வரும்.

ஒரே பயம், வரிசை. குலுக்கலில் பின்னால் விழுந்தால், நம் முறை வருவதற்குள் மணி ஆகிவிடும். பதில் தாளில் போய்விடும். தாளில் வந்தால் யார் பார்ப்பார்கள்?

இந்திரா

பின்குறிப்பு: கடிதத்திலும் உங்களுக்குக் கத்த வருகிறது. என் பெயரை இரண்டு முறை எழுதி ஆச்சரியக்குறி போட்டிருந்தீர்கள்.

◆

புலாவ் செபாங்,
15 அக்டோபர் 2025

இந்திராவுக்கு,

நேற்று நடந்ததில் என் பக்கத்துப் பாதியை எழுதுகிறேன். உன் பக்கத்துப் பாதியை நீ எழுது. சேர்த்து வைத்தால்தான் எனக்கு முழுசாகும்.

வடிவேலுவின் சாப்பாட்டுக் கடையில் பெரிய டிவியை யூடியூபில் இணைத்திருந்தார்கள். தாமானே வந்துவிட்டது. தீபாவளி அடுத்த வாரம், முறுக்கு சுடுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். என் கட்சிக்காரர்கள் ஒரு மேசை, உன் கட்சிக்காரர்கள் ஒரு மேசை, நடுவில் முனியாயி. தேர்தல் நாளில் கட்டுகிற சேலை. இருளாண்டி அண்ணன் டிவிக்கு நேர் முன்னால் உட்கார்ந்து எல்லாருக்கும் மறைத்தார்.

முதல் கேள்வி வெள்ளம். இரண்டாவது, சாலைக் குழி. அதற்கே துணைக் கேள்வி மேல் துணைக் கேள்வி. “ஒக்காருங்கய்யா!” என்று வடிவேலு கரண்டியை ஆட்டினான். ஒரு வைபி டுரியான் விலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். “டுரியான் விழும்போது விழும்லா, நீ ஒக்காரு!” என்று இருளாண்டி அண்ணன் டிவியைத் திட்டினார். சபாநாயகர் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் கடையே கடிகாரத்தைப் பார்த்தது. முனியாயி மட்டும் பார்க்கவில்லை. மடியில் யாரோ ஒரு பிள்ளையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பழக்கம்.

கடைசிக் கேள்வி என்று சபாநாயகர் சொன்னார். உன் வைபி எழுந்தார்! இரண்டு மேசையும் சேர்ந்து கத்தியது. நான் என்ன கத்தினேன் என்று நீ யாரிடமும் கேட்க வேண்டாம். உன் கட்சிக்கு நான் ‘வாழ்க’ சொன்னதாக வடிவேலு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

துணையமைச்சர் புள்ளிவிவரம் வாசித்தார். உன் வைபி மறுபடி எழுந்தார். கையில் ஏதோ அட்டை. வாயைத் திறந்தார்.

டிவி நின்றுவிட்டது.

திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது. வைபி திறந்த வாய் திறந்தபடி நிற்கிறார். எல்லாரும் ஒரே சமயத்தில் வடிவேலுவைத் திட்டினார்கள். அவன் ரூட்டரைத் தட்டினான், பிடுங்கினான், ஊதினான். சாமி கும்பிடுகிற அம்மா ஒருவர் அதற்குத் திருநீறே பூசிவிட்டார். படம் திரும்பி வந்தபோது வேறு யாரோ வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார். முனியாயி, “பரவால்ல, வுடுங்க. கேள்வி வரைக்கும் வந்துச்சில்ல” என்றார்.

அப்போது போன் அடித்தது. நான் என் போனைப் பாய்ந்து எடுத்தேன். என் போன் இல்லை. முனியாயியின் போன்.

நீ அவருக்குக் கூப்பிட்டாய்! எனக்கு இல்லை. அவர் காதில் வைத்துக்கொண்டு, “ம்... ம்... சொல்லு தாயி... ஐயோ!” என்கிறார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்க்கிறோம். போனை வைத்துவிட்டு மடியிலிருந்த பிள்ளையை என் கையில் கொடுத்தார். எழுந்து நின்றார். “என்ன வரச் சொல்றாங்களாம்” என்றார். அவ்வளவுதான். கடை என்ன ஆனது என்று எழுத முடியாது. என் மூக்குக் கண்ணாடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது.

சிவசாமி

◆

கோலாலம்பூர்,
18 அக்டோபர் 2025

அண்ணே,

பார்வையாளர் மாடத்தில் கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. நான் மூன்றையும் செய்தேன். காவலர் வந்து முறைத்துவிட்டுப் போனார்.

டுரியான் வைபி உட்காராதபோது எனக்கும் இருளாண்டி அண்ணன் மாதிரி திட்டத் தோன்றியது. நம் வைபி காலை ஆட்டுவது மேலிருந்தே தெரிந்தது. கடைசிக் கேள்வி என்றதும் என் நகத்தை நானே கடித்து ரத்தம்.

உங்கள் டிவி நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன். வைபி எழுந்து, “துணையமைச்சர் அவர்களே, சேலம் எந்த நாட்டில் இருக்கிறது?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, “இந்தியாவில்” என்றார். “மலாக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது” என்று வைபி படத்தைத் தூக்கிக் காட்டினார். சபையில் படம் காட்டக் கூடாது என்று சபாநாயகர் அதட்டினார். வைபி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இன்னும் உயரமாகத் தூக்கினார். எங்கள் பக்கம் சிரிப்பு, அந்தப் பக்கமும் சிரிப்பு. பிறகு வைபி அந்த அப்பாவையும் மேசையையும் பற்றிச் சொன்னார். “அவரிடம் ‘இந்தியா?’ என்று கேட்டார்கள். இந்த அவையில் எங்களில் யாரைக் கேட்டாலும் நாங்களும் ‘யா’ என்றுதான் சொல்வோம். அதனால் நாங்கள் எல்லாரும் சேலத்தில் பிறந்தவர்களா?”

சிரிப்பு நின்றுவிட்டது, அண்ணே. நீங்கள் கடிதத்தில் எழுதியதை அப்படியே கொடுத்திருந்தேன். உங்கள் உதாரணம் நாடாளுமன்றப் பதிவில் ஏறிவிட்டது. உங்கள் பெயர் இல்லை. உங்கள் கட்சிக்குத் தெரிய வேண்டாம்.

துணையமைச்சர் கையிலிருந்த தாளை மூடிவைத்தார். “இது என் குறிப்பில் இல்லை. அந்த அம்மாவை ஆதாரங்களோடு அழைத்து மறுபடி விசாரிக்கச் சொல்கிறேன், இது போன்றவர்கள் வேறு யாரும் இருந்தால் அவர்களையும்” என்றார். நான் வெளியே ஓடி வந்து போன் செய்தேன். அக்காவுக்குத்தான். செய்தி அவருடையது, உங்களுடையது இல்லை.

அலுவலகத்தில் நேற்றிலிருந்து போன் ஓயவில்லை. சிலாங்கூரில் ஒரு தோட்டத்திலிருந்து ஒருவர் அழைத்தார். அவர் பிறந்தது மதுரை லயமாம்.

ஆனால் அண்ணே, ‘விசாரிக்கச் சொல்கிறேன்’ என்பது வாக்குறுதி. கார்டு இல்லை. அக்காவிடம் சொல்லிவையுங்கள்.

இந்திரா

◆

புலாவ் செபாங்,
10 பிப்ரவரி 2026

இந்திராவுக்கு,

சொல்லிவைத்தேன். அவர் கேட்டுக்கொண்டார். தீபாவளி போனது, பொங்கல் போனது, அவர் வாயைத் திறக்கவில்லை. நான்தான் தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன்.

பொங்கலுக்குப் பிறகு அழைப்பு வந்தது. நானும் இருளாண்டி அண்ணனும் கூடப் போனோம். எனக்கு ஒரே பயம்தான். வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனேன்: “எங்க பொறந்தீங்கன்னு கேப்பாங்க. தோட்டத்துப் பேரச் சொல்லுங்க. புலாவ் செபாங்னு சொல்லுங்க. சேலம்னு மட்டும் சொல்லிறாதீங்க.” பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப்போல் தலையை ஆட்டினார்.

அதிகாரி ஓர் இளம் மலாய்ப் பெண். இருளாண்டி அண்ணனின் பிரமாணம், தொட்டிப் படம், பள்ளிக்கூடக் கேண்டீன் வேலைச் சான்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு முனியாயியைப் பார்த்துக் கேட்டார்: “லாஹிர் டி மானா, மாச்சேக்?” எங்கே பிறந்தீர்கள், அம்மா?

முனியாயி நிமிர்ந்து உட்கார்ந்து, “சேலம்” என்றார்.

என் உயிர் போய்விட்டது. இருளாண்டி அண்ணன் கைத்தடியைக் கீழே போட்டார்.

“சேலம் மானா?” எந்தச் சேலம்?

“சேலம், புலாவ் செபாங், மலாக்கா, மலேசியா” என்று ஒவ்வொன்றாக மேசையைத் தட்டிச் சொன்னார் முனியாயி. அந்தப் பெண் சிரித்துவிட்டார். “மாச்சேக் சேலம்! நான் அந்த வீடியோவைப் பார்த்தேன்” என்றார். வெளியே வந்ததும் நான் கோபித்துக்கொண்டேன். “எங்கப்பா பொய் சொல்லல வாத்தியாரே. அவரு பாதி சொன்னாரு, மீதிய நான் சொன்னேன்” என்றார் முனியாயி.

இன்று காலை போய் வாங்கி வந்தோம். நீலம், இந்திரா. நடுவில் பூஜ்யம் நான்கு. பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டு இலக்கங்களையும், தொட்டியில் தடவினாரே அதேபோல், விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

சந்தோஷ வேகத்தில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். “அடுத்த தேர்தல்ல குடைய நான் பிடிக்கிறேன், நீங்க உள்ள போங்க. எந்தக் கட்சிக்குப் போடுவீங்க?” என்று கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார்.

“இத்தன வருசம் கேட்டுக்கு வெளிய நின்னேனே, ஒருத்தனாச்சும் வந்து எங்கிட்ட ஓட்டு கேட்டீங்களா? வூடு வூடா போவீங்க, என் வூட்டத் தாண்டிப் போவீங்க. இப்ப வாங்க. நீங்களும் வாங்க, ஒங்க தங்கச்சியும் வரட்டும். கைகூப்பி, மொறயா கேளுங்க. யோசிச்சி சொல்றேன்.”

ஆகவே உன்னை நேர்மையாக எச்சரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. மீன் கறி. நான் முந்திக்கொண்டேன்.

அண்ணன்,
சிவசாமி

◆

புலாவ் செபாங்,
14 பிப்ரவரி 2026, சனிக்கிழமை

அண்ணே,

இந்தக் கடிதத்தில் தபால்தலை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் பின்வரிசையிலிருந்து எழுதுகிறேன். நேற்று சாயந்தரமே வந்துவிட்டேன். அக்கா வீட்டுத் தரையில் பாய் போட்டுத் தூங்கி, காலையில் கைகூப்பி முறையாகக் கேட்டும் ஆயிற்று.

அவர் என்ன சொன்னார் என்றுதானே கேட்கிறீர்கள்? “ஒங்கண்ணனும் கேக்கட்டும் தாயி” என்றார். இரண்டாவது இட்லியும் வைத்தார். அதை வைத்து எதையும் கணிக்க முடியவில்லை.

கடிதத்தை அவரே கொண்டுவந்து தருவார். கூடவே ஒரு குடையும் தருவார், வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தல் எப்போது வந்தாலும் நீங்கள் அதைப் பிடித்துப் பழகியிருக்க வேண்டுமாம்.

உங்கள் நம்பரின் பிளாக்கை எடுத்துவிட்டேன். நாளை மீன் கறிக்கு நானும் வருகிறேன், புளி குறைவாகப் போடுங்கள். ஓட்டுக் கேட்டு அவருக்குப் போன் செய்தீர்கள் என்று தெரிந்தால், மறுபடியும் பிளாக், மறுபடியும் தபால்தான்.

இந்திரா